முன்காச்சியின் இருட்டை மலையில் வரைவது எப்படி

ஹங்கேரி ஓவியர் மிஹாய் முன்காச்சி 1869-70இல் வரைந்த ‘ஷிரலோம்ஹாஸ்’ என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தை நகல் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, அதுவும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மாதிரி ஈரம் விடாத ஊரில் இருந்துகொண்டு எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். சமவெளியில் இருப்பவர்களும் படிக்கலாம், ஆனால் இதில் பாதி தொல்லை உங்களுக்குக் கிடையாது, கொடுத்து வைத்தவர்கள்.

முதலில் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட ஒருவனின் கடைசி நாள். அந்தக் காலத்து ஹங்கேரியில் மரண தண்டனைக் கைதியைக் கடைசி நாளில் ஊர் மக்கள் வந்து பார்த்துப் போகும் வழக்கம் இருந்தது. அவன் காலில் சங்கிலியோடு மேசை அருகே உட்கார்ந்திருக்கிறான். மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி. ஜெபப் புத்தகம் தரையில் கிடக்கிறது. முஷ்டியை இறுக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருக்கிறான். பின்னால் துப்பாக்கியோடு காவலுக்கு ஒரு சிப்பாய், சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம், நடுவில் விவரம் புரியாத ஒரு குழந்தை. அவன் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுகிறாள். நமக்குத் தெரிவது அவள் முதுகுதான்.

கைதி ஒரு ‘பெட்யார்’, அதாவது வழிப்பறிக்காரன். ஆனால் ஊர் மக்கள் பாட்டில் வைத்துப் பாடிய வகை வழிப்பறிக்காரன். 1848-49இல் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து ஆட்சிக்கு எதிராக ஹங்கேரியர்கள் எழுந்து தோற்று இருபது வருடம் ஆகியிருந்த சமயம் அது, அதனால் அந்த முஷ்டியை வெறும் ஒரு திருடனின் முஷ்டியாக அந்த நாட்டுக்காரர்கள் பார்க்கவில்லை. ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் இருந்து வரைந்து பாரிஸ் சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பினார், 1870இல் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு 26 வயது. சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து தச்சுப் பட்டறையில் எடுபிடியாக இருந்து வந்தவர். பதக்கத்துக்குப் பிறகு பாரிஸுக்கே குடிபோய் ஐரோப்பாவின் பணக்கார ஓவியர்களில் ஒருவராகிவிட்டார், அது வேறு கதை.

சரி, வேலைக்கு வருவோம். முழுப் படத்தையும் எடுக்காதீர்கள். அசல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம், அதைச் சின்னக் கேன்வாஸில் அடக்கினால் கூட்டத்தின் முகம் ஒவ்வொன்றும் விரல் நகம் அளவுக்குச் சுருங்கி, வேலை முழுக்க அதிலேயே போய்விடும். அவன், மேசை, சுவரோரம் அவள், இது போதும். என்னைக் கேட்டால் படமே இதுதான். ஒரே அறையில் இருக்கும் புருஷனும் பெண்டாட்டியும், நாளைக்கு இந்நேரம் அவன் இல்லை, ஊரே பார்த்துக்கொண்டிருப்பதால் ஒருவரை ஒருவர் தொடக்கூட முடியவில்லை. அந்த இடைவெளியில் ஓவியர் வைத்தது இருட்டு மட்டும்தான். அந்த இருட்டைச் சரியாகப் போட்டுவிட்டால் முகம் கொஞ்சம் கோணினாலும் படம் நிற்கும், அதைக் கோட்டைவிட்டால் முகம் அச்சு அசலாக வந்தும் பிரயோஜனம் இல்லை.

இங்கேதான் சிக்கல். முன்காச்சி தன் இருட்டுக்குப் பயன்படுத்தியது பிட்டுமென், அதாவது நம் ரோட்டில் ஊற்றும் தார் வகையறா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறைய ஓவியர்களுக்கு அதன்மேல் பைத்தியமாகவே இருந்தது. எண்ணெயில் கலந்து தடவினால் அடியில் இருப்பது லேசாகத் தெரிகிற, பளபளப்பான, சூடான பழுப்பு கிடைக்கும், தடவிய அன்று பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அது முழுசாகக் காயவே காயாது. மேலே போட்ட வண்ணம் காய்ந்து இறுக, அடியில் இது இளகிக்கொண்டே இருக்க, வருடங்கள் போகப் போக மேல்தோல் வறண்ட குளத்துச் சேறு மாதிரி வெடித்துப் பிரியும். போதாததற்கு நிறமும் கறுத்துக்கொண்டே போகும். முன்காச்சியின் படங்கள் பலவும் இன்று இப்படிக் கறுத்துப்போய், பாதுகாப்பவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருக்கின்றன.

ஆகவே இணையத்தில் கிடைக்கும் புகைப்படத்தில் நீங்கள் பார்க்கும் கறுப்பு அவர் வைத்த கறுப்பு இல்லை. அப்படியே பார்த்து எடுத்தால் நூற்றைம்பது வருட அழுக்கையும் சேர்த்து நகல் எடுத்தவர் ஆவீர்கள். ஓவியர் 1900இல் இறந்துவிட்டார், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, அதனால் விக்கிமீடியா காமன்ஸில் பெரிய கோப்பாகத் தேடித் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்படியே. இன்னொன்றில் போனிலேயே நிழல் பகுதியை மட்டும் தூக்கி வெளிச்சமாக்குங்கள், ‘ஷேடோஸ்’ என்று இருக்குமே, அதை முழுக்கத் தள்ளிப் பாருங்கள். கறுப்புப் பரப்பு என்று நினைத்த இடத்தில் துணியின் மடிப்பு, சுவரின் பரப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். உருவத்துக்கு இரண்டாவது பிரதி, வெளிச்சம் எங்கே எவ்வளவு என்பதற்கு முதல் பிரதி. அச்சடிப்பதாக இருந்தால் மேட் தாளில் அடியுங்கள், கிளாஸியில் இருண்ட இடமெல்லாம் ஜன்னலின் பிம்பம்தான் தெரியும்.

தாருக்குப் பதிலாக என்ன போடுவது? அம்பர், அதாவது மண்ணிலிருந்து வரும் பழுப்பு வண்ணம். இதில் மலைக்காரர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வது இல்லை, ஆளி விதை எண்ணெய் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் அது மெதுவாகும், அதனால்தான் கோயம்புத்தூரில் மூன்று நாளில் காய்வது இங்கே வாரக்கணக்கில் விரலில் ஒட்டுகிறது. ஆனால் ரா அம்பர், பர்ன்ட் அம்பர் இரண்டிலும் இயற்கையாகவே மாங்கனீஸ் இருக்கிறது, அது காய்வதைத் துரிதப்படுத்தும். தட்டில் இருக்கும் வண்ணங்களில் முதலில் காய்வது அம்பர்தான், அடி அடுக்குக்கு அதைவிட நல்லது இல்லை. ஐவரி பிளாக் இதற்கு நேர் எதிர், காயவே மனசு வராது. அதை அடியில் போடாதீர்கள், இந்தப் படத்துக்கு அது தேவையும் இல்லை. பர்ன்ட் அம்பரோடு அல்ட்ராமரைன் நீலத்தைக் கலந்தால் கறுப்பைவிட ஆழமான கறுப்பு வரும். நீலம் கூடினால் குளிர்ந்த இருட்டு, அம்பர் கூடினால் சூடான இருட்டு. சுவருக்குக் குளிர்ந்தது, மேசை நிழலுக்குச் சூடானது என்று பிரித்துப் போட்டுப் பாருங்கள், ஒரே இருட்டுக்குள் அறை பிறக்கும்.

மற்றபடி எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, டைட்டானியம் வெள்ளை, துளி வெர்மிலியன் சிவப்பு, அவ்வளவுதான். மாணவர் தர டியூப் இங்கே ஸ்டேஷனரி கடைகளிலேயே கிடைத்துவிடும். அம்பரை மட்டும் நல்ல தரத்தில் வாங்குங்கள், கோவைக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லிவிட்டால் ஆயிற்று. அவசரக்காரர்கள் ஆல்கிட் மீடியம் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம், வண்ணத்தில் கொஞ்சம் கலந்தால் காயும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கும். கலப்பதென்றால் எல்லா அடுக்கிலும் கலந்துவிடுங்கள், ஒன்றில் போட்டு ஒன்றில் விடாதீர்கள்.

யூகலிப்டஸ் தைலத்தை டர்பன்டைனுக்குப் பதில் ஊற்றலாமா என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள், வீட்டுக்கு வீடு பாட்டில் இருக்கிறதே. தூரிகை கழுவ ஊற்றுங்கள், நன்றாகவே போகும். வண்ணத்தில் கலக்காதீர்கள், அது வலுவான கரைப்பான், கீழே பாதி காய்ந்த அடுக்கையும் சேர்த்து இளக்கிவிடும்.

எப்போது தொடங்குவது என்பது மலையில் எதை வாங்குவது என்பதைவிட முக்கியம். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், ஊட்டி, குந்தா, கூடலூர் பக்கம் ஜூனில் தென்மேற்கு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி. ஜனவரி கடைசியில் அடி அடுக்கு போட்டுவிட்டால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வறண்ட காற்று கிடைக்கும், கோடை மழை வலுப்பதற்குள் பெரிய அடுக்குகள் முடிந்துவிடும். மழைக்காலத்தில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் அப்போது பென்சிலில் பயிற்சி பண்ணுங்கள், அதற்கும் வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கேன்வாஸ் ஈரத்தில் தொய்யும், வெயிலில் இழுக்கும், வண்ணத்துக்கு இந்த ஆட்டம் ஆகாது. 18க்கு 24 அங்குலம் அளவுக்கு எனக்குப் பிடித்தது மரைன் ப்ளை, அதாவது ஈரம் தாங்கும் ஒட்டுப் பலகை. முன்பக்கம் மட்டும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை அடித்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பின்பக்கமும் நாலு ஓரமும் கட்டாயம் அடிக்க வேண்டும், ஓரத்து வழியாகத்தான் ஈரம் உள்ளே போகும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை வேண்டவே வேண்டாம், இங்கே ஒரு மழைக்காலத்தில் மூலை உப்பிவிடும்.

ஜெஸ்ஸோ காய்ந்ததும் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நன்றாக இளக்கிப் பலகை முழுக்கப் பூசுங்கள். எண்ணெய் சேர்க்கக் கூடாது. பூசியது ஈரமாக இருக்கும்போதே பழைய பனியன் துணியை விரலில் சுற்றிக்கொண்டு வெளிச்சம் வர வேண்டிய இடத்தை எல்லாம் துடைத்து எடுங்கள். மேசைத் துணியை முதலில் எடுங்கள், அடுத்தது அவன் நெற்றியும் முஷ்டியும், அப்புறம் சுவரில் அவள் நிற்கும் இடத்தைச் சுற்றி லேசாக. அவளைத் துடைக்காதீர்கள், அவளைச் சுற்றித்தான் துடைக்க வேண்டும். சுவர் வெளிறியதும் நடுவில் அவள் தானாக நிற்பாள். சரியாக வரவில்லையா, மறுபடி பூசி மறுபடி துடையுங்கள், இந்தக் கட்டத்தில் எதுவும் கெட்டுப்போகாது. வரைவதைவிடத் துடைப்பதில்தான் இந்தப் படம் சீக்கிரம் கைக்கு வரும், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகிற படம் என்பதால். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், அல்லது போனில் கறுப்பு வெள்ளையில் எடுத்து மூலத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து படி இருட்டு போதும். ஏழெட்டுக்குப் போனால் அறை சாம்பல் பூத்துவிடும்.

இனி அவள் முதுகு. மொத்தப் பொழுதில் பாதியை இதற்கே கொடுங்கள். முகம் இல்லாமல் அழுகையைக் காட்ட வேண்டும், அதற்கு உங்களிடம் இருப்பது பிடரி, தோள், இடுப்பு, பாவாடையின் எடை, இவ்வளவுதான். புகைப்படத்தைப் பார்த்து மட்டும் வரைந்தால் துணி மூட்டை மாதிரி வரும், ஆகவே மழைக்கால வேலையாக இதைச் செய்யுங்கள், வீட்டில் யாரையாவது சால்வை போர்த்திச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிப் பென்சிலில் வரைந்து பழகுங்கள். அழுவது மாதிரி நடிக்கச் சொல்லாதீர்கள். நடித்தால் எல்லோரும் தோளைக் குலுக்குவார்கள், அது நாடகத் தோள். சும்மா நிற்க வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே காத்திருங்கள். பக்கத்து வீட்டு அக்கா எனக்காக நின்றபோது, “தம்பி, இன்னும் எவ்வளவு நேரம் சுவத்தயே பாத்துட்டு நிக்கிறது, அடுப்புல பால் இருக்கு” என்று சொன்னார், அந்த அலுப்பு வந்த பிறகுதான் உடம்பு தன் எடையைச் சுவரிடம் கொடுத்தது. ஒரு முழங்கால் தளர்ந்தது, எதிர்ப் பக்க இடுப்பு ஏறியது, தலை முன்னால் போனதும் பிடரிக்குக் கீழே அந்த எலும்பு முட்டு துருத்திக்கொண்டு வெளியே வந்தது. துக்க வீட்டில் சுவரோரம் நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, கையை முகத்துக்குக் கொண்டுபோனால் தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டிலிருந்து விலகிப் பக்கவாட்டில் போகும், துணி அங்கே இழுபட்டு, கையில்லாத பக்கம் தளர்ந்து தொங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மடிப்பு போட்டால் அவள் சுவரைப் பெயின்ட் அடிக்க நிற்கிறாளா என்று கேட்பார்கள். மடிப்புகளை எண்ணி எண்ணி வரையவும் வேண்டாம். தோளிலிருந்து இடுப்புக்கு ஒரே ஒரு நீள மடிப்பைப் பிடித்து, அதன் மேல் விளிம்பில் மட்டும் வெளிச்சத்தை வைத்து, மற்றதை இருட்டுக்குள் விட்டுவிடுங்கள். சுவரோடு அவள் சேரும் விளிம்பை ஒரு பக்கம் காய்ந்த தூரிகையால் லேசாகத் தட்டிக் கரையுங்கள், இன்னொரு பக்கம் கூர்மையாக விடுங்கள். இரண்டு பக்கமும் கூர்மையானால் அட்டையில் வெட்டி ஒட்டியதாகிவிடும்.

அவனுடைய முகத்தைவிட முஷ்டிக்கு நேரம் கொடுங்கள். உங்கள் இடது கையையே மேசையில் இறுக்கி வைத்துப் பார்த்து வரையலாம், கண்ணாடி வைத்தால் வலது கையாகத் தெரியும். இறுக்கிய முஷ்டியில் விரல் கணுக்கள் வெளிறும், கணுக்களுக்கு இடையே சிவப்பு தேங்கும், அந்தத் துளி வெர்மிலியன் இதற்காகத்தான். மேசையைச் சோம்பலாகப் போடாதீர்கள், வரைந்தவர் தச்சுப் பட்டறையில் கை காய்த்துப்போனவர், அந்த மேசை எடையைத் தாங்குகிற மேசை.

மேசைத் துணி வெள்ளை என்று டியூப் வெள்ளையை அப்பாதீர்கள். ஆக்கரும் அம்பரும் கலந்த அழுக்கு வெள்ளைதான் அந்த இருட்டில் வெள்ளையாகத் தெரியும். சுத்த வெள்ளை மெழுகுவர்த்திச் சுடரின் நடுவில் ஒரு புள்ளி, அதுவும் கடைசி நாளில்.

அடுக்குகளைப் பற்றிப் பழைய விதி ஒன்று உண்டு, கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல். கீழ் அடுக்கு காய்ந்ததா என்று பார்க்க ஓரத்தில் நகத்தை அழுத்துங்கள், தடம் விழுந்தால் காத்திருங்கள். மேல்தோல் காய்ந்து உள்ளே இளகியிருப்பது மலையில் சகஜம், அதன்மேல் அடுத்ததைப் போட்டால் முன்காச்சிக்குத் தார் செய்ததை உங்களுக்கு அவசரம் செய்துவிடும். காயவைக்கப் படத்தை அலமாரிக்குள் பூட்டாதீர்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் ஆளி விதை எண்ணெய் மஞ்சளிக்கும். ஜன்னல் இருக்கும் அறையில், வெளிச்சுவரில் படாமல் நிறுத்தி, கொஞ்சம் தள்ளி ஒரு குண்டு பல்பை எரியவிட்டால் போதும்.

கணப்பு எரியும் அறையில் வேலை செய்யவே செய்யாதீர்கள். டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும், கணப்பின் கரி ஈர வண்ணத்தில் உட்காரும். இதைவிட ஆபத்தானது எண்ணெய் நனைந்த துணி. ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு வெளியாகும், கசக்கி மூலையில் குவித்த துணியில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். மர வீடு, மரத் தரை, தகரக் கூரை என்று இருக்கிற ஊரில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. துடைத்த துணியைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், அல்லது கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போடுங்கள்.

வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் என்று டப்பாவில் போட்டிருக்கும், இங்கே ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி நாளில் அடித்தால் ஈரம் மாட்டிக்கொண்டு வெள்ளைப் படலம் பூக்கும், இருண்ட படத்தில் அது முதல் பார்வையிலேயே கண்ணில் குத்தும். பிப்ரவரி, மார்ச்சில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, மத்தியானத்துக்குள் அடித்துவிடுங்கள். இருண்ட படத்துக்குக் கிளாஸ் வார்னிஷ் ஆழம் கொடுக்கும், ஆனால் எதிரில் ஜன்னல் இருந்தால் பாதிக்குப் பாதி பளபளப்புக் குறைந்த சாட்டின் வார்னிஷ் கலந்துகொள்வது நல்லது.

பலகையின் பின்னால் ‘மூலம்: மிஹாய் முன்காச்சி, 1869-70’ என்றும், மூலத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்த நகல் என்றும், உங்கள் பெயரும் வருடமும் சேர்த்து எழுதிவிடுங்கள். மாட்டும்போது சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் பாட்டில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம், சமையலறைப் பக்கச் சுவரும் வேண்டாம், வீட்டின் உள்சுவரே சரி. ஆகஸ்டில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கடுகு அளவில் சாம்பல் புள்ளிகள் வந்திருந்தால் அது பூசணம். மூக்கை மூடிக்கொண்டு வெயிலில் வெளியே எடுத்துப்போய், காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்து, இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட வைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். ஈரத்துணி, பிளீச்சிங் பவுடர், வினிகர் என்று யார் என்ன சொன்னாலும் படத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.